வயிற்றுப் பையும் வெளியூர்ப் பயணமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடந்த திங்களில் நம் செயலாளர் அவர்கள் என்னை நோக்கி, 'இம்முறை யாது பொருள்பற்றிப் பேசப்போகின்றீர்?' என வினவினார். சிலம்பிலிருந்தோ கம்பனிலிருந்தோ ஏதேனும் ஒரு பகுதியைக் கூறுவேன் என அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். யான் சொல்லிய பொருளைக் கேட்டுச் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர், 'அவையில் பெண்மக்களும் இருப்பரே' என்றார். 'அவர்கள் இருத்தல் வேண்டும் என்பதே என் விருப்பம்' என்று விடையிறுத்தேன். அவர் மறுத்திலர், அதன் பொருட்டு அவர்க்கு என் நன்றி உரியது.

தமிழிலக்கணத்தில் இடக்கரடக்கல் என ஒன்று உண்டு. அவையில் கூறத் தகாத சொல்லை மறைத்து, வேறொரு சொல்லால் அப்பொருளை உணர்த்துவது அது. மலங்கழித்து வந்தான் என்னாது, கால்கழுவி வந்தான் என்று கூறுதல் போல்வது. இம்மரபு மிக நல்ல மரபு. ஆயினும் ஒன்று கவனித்தல் வேண்டும். இலக்கணநூலார் மறைக்கச் சொல்லியது சொல்லையே, பொருளை அன்று. பொருளையும் சேர்த்து மறைத்துவிட்டால், அப்பொருளோடு நாளும் மல்லாடுகின்றவன் தன் துன்பத்தை எவரிடத்துச் சொல்வான்? ஆகவே இன்று சொல்லில் இயன்ற அளவு அடக்கமும், பொருளில் ஒளிவு மறைவின்மையும் கொண்டு பேச எண்ணுகின்றேன். கூச்சம் தோன்றுமிடத்துப் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

உண்ட உணவு சிறுகுடலையும் பெருங்குடலையும் கடந்து இயற்கை வழியே கழிதல் முறை. அவ்வழியில் புற்றுநோய் பற்றினும், நாட்பட்ட குடற்புண் உண்டாயினும், விபத்தால் குடல் கிழியினும், குழந்தை பிறக்கும்போதே வழி அடைபட்டிருப்பினும், சத்திர வைத்தியர் குடலின் ஒரு பகுதியை வயிற்றின் புறத்தே கொணர்ந்து தைத்து, ஆண்டு ஒரு வாயில் அமைப்பர். அதனை ஸ்டோமா என்பர். அக்கிரேக்கச் சொல்லுக்கு வாய் என்பதே பொருள். பெருங்குடலில் அமைப்பது கொலாஸ்டமி. சிறுகுடலின் கடைப்பகுதியில் அமைப்பது இலியாஸ்டமி. சிறுநீருக்கென அமைப்பது யூராஸ்டமி. சிலர்க்குச் சில திங்கள் கழித்துக் குடலை மீண்டும் உள்ளே இணைத்துவிடுவர். சிலர்க்கு வாழ்நாள் முழுதும் அதுவே வழி. அவ்வாயில் நம் கன்னத்தின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாய் இருக்கும். தொட்டால் வலி தெரியாது. கழுவும்போது சிறிது உதிரம் கசிதலும் உண்டு, அதற்கு அஞ்சவேண்டா. ஆனால் அதனைச் சுருக்கி அடக்கும் தசை அங்கில்லை. வருவது வரும்போது வரும். அதனை ஏற்பதற்கே தோலின்மேல் ஒட்டும் தட்டும், அதனொடு சேர்ந்த பையும்.

நிற்க. இவ்வறுவையை இன்று பல ஆஸ்பத்திரிகளில் செவ்வனே செய்கின்றனர். உயிர் மீள்கின்றது. மீண்ட உயிர் எங்கே செல்கின்றது என்பதுதான் என் வினா. நம் சங்கத்துக் குடும்பங்களுள் இந்நிலையில் உள்ளோர் மூவரை யான் நேரில் அறிவேன். அம்மூவரும் ஓராண்டுக்கு மேலாக ஒரு கலியாணத்துக்கும் போகாதிருந்தவர்கள். ஒருவர் தம் பேரன் காதணி விழாவிற்கும் செல்லவில்லை. காரணம் வலியன்று, பலவீனமும் அன்று. 'நாற்றம் வந்துவிட்டால் என் செய்வது, பை கசிந்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது' என்னும் அச்சம் ஒன்றே.

அம்மூவருள் ஒருவர் என் தமையனார். அவர் இசைவு பெற்றே இதனைக் கூறுகின்றேன். 2021-ஆம் ஆண்டில் மலக்குடலிற் புற்றுநோய் கண்டு, அறுவை நிகழ்ந்து, நிலையாகக் கொலாஸ்டமி அமைக்கப்பெற்றவர். மளிகைக் கடையில் அமர்ந்து வியாபாரம் பார்ப்பார், வீடு திரும்புவார், அதற்கு அப்பால் ஓரடியும் எடுத்து வையார். எங்கள் தங்கை மகளின் திருமணம் மதுரையில் நிகழ்ந்தபோது, தாய்மாமன் இல்லாத மணவறையா என்று எல்லாரும் வற்புறுத்த, உடன்பட்டார். ஆனால் முதல்நாள் உச்சிவேளை முதல் உண்ணாது, பருகாது இருந்துவிட்டார். உள்ளே ஒன்றும் போகாவிடின் வெளியே ஒன்றும் வாராது என்பது அவர் கணக்கு. விளைந்தது வேறு. வெறுங்குடலில் வாயு மிகுந்தது. பை பந்துபோல் உப்பியது. தாலி கட்டும் நேரத்தில் வயிறு ஓசையிட்டது. அவர் எழுந்து வண்டியில் போய் அமர்ந்துகொண்டார். 'தம்பி, பந்தியில் என் பக்கத்து இலையில் யார் உட்காருவார்? என்னை ஊருக்கு அனுப்பிவிடு' என்றார். அருகில் நின்றிருந்த எவர்க்கும் ஒரு நாற்றமும் தோன்றவில்லை என்பதை அவர் நம்பினாரல்லர்.

அதன்பின் அவரை இத்துறையிற் பயின்ற செவிலியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவ்வம்மையார் ஒரு மணி நேரத்தில் கற்பித்தவற்றை நாங்கள் இரண்டாண்டு அறியாதிருந்தோம். அவற்றையும், பின்னர் யான் கற்றுத் தெளிந்தவற்றையும், என் தமையனார் பழக்கத்தால் கண்டவற்றையும் கூறுகின்றேன்.

முதலாவது நாற்றம். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உணவின் எச்சத்தைச் சிதைக்கும்போது கந்தகம் கலந்த ஆவிகள் முதலியன பிறக்கின்றன. அவையே துர்நாற்றத்துக்குக் காரணம். சிறுகுடலில் நுண்ணுயிர் குறைவாதலின் இலியாஸ்டமியில் நாற்றமும் குறைவு. இதற்கென்றே செய்யப்பட்ட பைகள் மணத்தை உள்ளேயே அடக்கும் பல அடுக்குத் தாளாலானவை. ஆதலால் பை நன்கு ஒட்டி, வாய் மூடியிருக்கும்போது நாற்றம் வெளிவருதல் இல்லை. திறந்து கழிக்கும்போது வரும். அஃது எவர் கழிப்பினும் வருவதே. மூடிய நிலையிலும் வருமாயின் எங்கோ கசிகின்றது, அல்லது பையின் நுனி சரிவரத் துடைக்கப்படவில்லை என்று அறிந்து உடனே பார்த்தல் வேண்டும். வாசனைத் தைலத்தை மேலே பூசிக்கொண்டு கசிவை மறைக்க முயல்வது பயனில் செயல். சிலர் செலவுக்கு அஞ்சிச் சாதாரணப் பிளாஸ்டிக் பையை வயிற்றில் கட்டிக்கொள்கின்றனர். அத்தாள் மணத்தை அடக்கும் ஆற்றல் உடையதன்று, தோலையும் கெடுக்கும். அன்னவர்மேல் யான் குறை கூறேன். நல்ல பையும் தட்டும் சில நூறு ரூபாய் விலையுடையன, வாழ்நாளெல்லாம் வாங்கவேண்டியன. நம் சங்கம் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருளுதவி செய்கின்றது. மருத்துவத்துக்கும் ஒரு நிதி உண்டு. அந்நிதியின் விதிகளில் 'அறுவைக்கு மட்டும்' என்றிருப்பதை, 'அறுவைக்கும் அதன்பின் வேண்டுவனவற்றுக்கும்' எனத் திருத்துதல் நலம் என்பது என் கருத்து.

பையினுள் இடும் மணநீக்கித் துளிகள் கடைகளில் கிடைக்கும். அவை நற்பயன் தருவன. சில பைகளில் கரித்தூள் வடிகட்டி ஒன்று பதித்திருப்பர். வாயுவை மெல்ல வெளிவிட்டு மணத்தை அது நிறுத்திக்கொள்ளும். அஃது ஈரம்பட்டால் பயனிழக்கும். ஆகவே குளிக்கும்போது அதனை ஒட்டுத்தாளால் மூடிக்கொள்க. வாயு மிகுந்தால் ஊசியால் பையில் துளையிடும் வழக்கம் சிலரிடத்து உண்டு. அத்துளை வழியே வாயு ஒருமுறை போகும், நாற்றம் நாள்முழுதும் வரும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பையினுள் இடச் சொல்வாரும் உளர். அது குடல்வாயிலைப் புண்படுத்தி உதிரப்பெருக்கு உண்டாக்க வல்லது, ஒருபோதும் செய்யற்க.

இரண்டாவது, பையை எப்போது கழிப்பது என்பது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்தவுடனேயே கழித்தல் வேண்டும். பாதிக்கு மேல் விடலாகாது. நிறைந்த பை தன் பாரத்தால் தட்டைத் தோலினின்றும் இழுக்கும். கசிவுகளிற் பல இவ்வாறே நிகழ்வன. பிரயாணம் செய்வோர் நிறையும்வரை காத்திராமல், இடம் கிடைத்தபோதெல்லாம் கழித்துவிடுதல் அறிவுடைமை. வண்டி புறப்படுமுன் ஒருமுறை. வழியில் வண்டி நிற்குமிடத்து ஒருமுறை. மண்டபம் சென்று சேர்ந்தவுடன், எவரோடும் அளவளாவுமுன், ஒருமுறை.

கழிக்கும் முறையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் மேனாட்டு நூல்கள் எல்லாம் நாற்காலிபோன்ற கழிப்பிடத்தை மனத்திற்கொண்டே எழுதப்பட்டன. நம் நாட்டுப் பேருந்து நிலையங்களிலும் மண்டபங்களிலும் குந்தும் கழிப்பிடங்களே மிகுதி. அறுவையான வயிற்றோடு முழுதும் குந்துதல் பலர்க்கு இயலாது. என் தமையனார் செய்யும் முறை இது: உள்ளே சென்றதும் சட்டை நுனியைச் சுருட்டித் தோளருகே ஒரு துணிக் கிளிப்பால் மாட்டிக்கொள்வார். வேட்டியை உயர்த்திச் செருகிக்கொள்வார். முதலில் ஒரு குவளை நீர் ஊற்றி, அதன்மேல் ஒரு மெல்லிய காகிதத்தை இடுவார். ஓசையும் தெறிப்பும் இரா. ஒரு கையைச் சுவரில் ஊன்றிப் பாதியளவு குனிந்து, பையின் வாலை மேல்நோக்கிப் பிடித்து மடிப்பை அவிழ்த்து, பின் கீழே தாழ்த்திக் கழிப்பார். வாலின் உள்ளும் புறமும் காகிதத்தால் துடைத்த பின்னரே மூடுவார். இத்துடைத்தலே தலையாயது; நாற்றம் என்று பிறர் உணர்வது பெரும்பாலும் துடையாது விட்ட அந்நுனியிலிருந்து வருவதே. இவ்வளவும் செய்ய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.

ரெயில் பிரயாணத்தில் கழிப்பறை பெட்டியிலேயே இருத்தலின், பேருந்தினும் ரெயிலே சிறந்தது. கீழ்ப்படுக்கை கேட்டுப் பெறுக. இப்போது பெட்டிகளில் உயிரிக் கழிப்பறைகள் அமைத்துள்ளனர். அவற்றுள் பையையோ துணியையோ எறிந்தால் அடைத்துக்கொள்ளும். கழற்றிய பையைக் காலி செய்து, செய்தித்தாளில் சுற்றி, நிறமுள்ள உறையிலிட்டுக் கட்டிக் குப்பைத் தொட்டியில் சேர்த்தலே முறை. ஆகாய விமானத்திற் செல்வோர்க்கு இரண்டு சொல்ல உண்டு. உயரத்தில் காற்றழுத்தம் குறைதலின் வாயு விரிந்து பை உப்பும். ஏறுமுன் கழித்துவிடல் வேண்டும். கத்தரிக்கோலைக் கைப்பெட்டியில் கொண்டுசெல்ல விடார். ஆதலால் தட்டின் துளையை வீட்டிலேயே வெட்டிக்கொண்டு செல்லல் வேண்டும். பைகள் அனைத்தையும் கைப்பெட்டியிலேயே வைத்துக்கொள்க. சரக்கோடு அனுப்பிய பெட்டி வேறோர் ஊருக்குப் போய்விடுதலும் உலகியல்பு.

தட்டின் துளை குடல்வாயிலின் விளிம்பினும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே பெரிதாக இருத்தல் வேண்டும். அகன்றால் மலம் தோலிற்படும்; இலியாஸ்டமியில் வரும் நீர் செரிமானச் சாறுகள் கலந்ததாகலின் தோலை அரித்துப் புண்ணாக்கும். அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் வரை வாயில் சுருங்கிக்கொண்டே வரும். முதலில் வெட்டிய அளவையே பிடிவாதமாகப் பின்பற்றுதல் கூடாது. தோலை வெந்நீரால், அதாவது இளஞ்சூட்டு நீரால், கழுவி நன்றாக உலர்த்தல் போதும். நம் வீடுகளில் எந்தப் புண்ணுக்கும் தேங்காயெண்ணெய் தடவுதல் பழக்கம். இவ்விடத்து எண்ணெய் பட்டால் தட்டு ஒட்டாது. எண்ணெய்ப் பசை மிகுந்த சவர்க்காரத்துக்கும் இதுவே நியாயம். தட்டு மாற்றுவதற்குக் காலையில், உணவு கொள்ளுமுன், ஏற்ற வேளை; அப்போது குடல் ஓய்ந்திருக்கும். பொதுவாக மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மாற்றுதல் வழக்கம். நம் சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையால் ஒட்டு முந்தியே தளரும். கலியாணங்களும் அம்மாதங்களிலேயே மிகுதி! ஆகவே முகூர்த்தத்துக்கு முதல்நாள் புதுத்தட்டு மாற்றிக்கொண்டு புறப்படுதல் நன்று. நிறுத்திய காரினுள் பைகளை வைத்துவிட்டுப் போகாதீர்கள். வெப்பத்தால் ஒட்டு உருகிக் கெடும்.

பிரயாணத்துக்கு எத்தனை பை வேண்டும் என்று எண்ணுகின்றீர்களோ அதனினும் இரட்டிப்பாகக் கொண்டு செல்லுங்கள். அவற்றுள் ஒன்று, துளை வெட்டியபடி, எப்போதும் கைக்கெட்டும் சிறு உறையில் இருத்தல் வேண்டும். அதனொடு ஈரத்துணி, காகிதம், ஒரு புட்டி நீர், குப்பைக்கு இரண்டு உறை, மாற்று வேட்டி. பையின் பெயரையும் அளவு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி அதிலேயே வையுங்கள். இவ்வுறை தம் இடுப்பருகே உள்ளது என்னும் நினைவே என் தமையனார்க்குப் பாதி தைரியத்தைத் தந்தது.

உடை பற்றியும் ஒரு சொல். வேட்டியின் முடிச்சோ, பாவாடை நாடாவோ, அரைஞாணோ குடல்வாயிலுக்கு நேரே அழுந்துமாயின் மலம் கீழே இறங்காமல் தட்டின் அடியிற் பரவிக் கசியும். ஆகவே அறுவைக்கு முன்பே, நோயாளர் தாம் வழக்கமாக உடுத்தும் உடையோடு நின்றும் அமர்ந்தும் காட்டி, எவ்விடத்து அமைத்தல் நலம் என வைத்தியரைக்கொண்டு குறியிடச் செய்தல் வேண்டும். பலர் இதனைக் கேட்கலாம் என்றே அறியார். பைக்குப் பழைய மெல்வேட்டித் துணியால் ஓர் உறை தைத்து மாட்டினால் வியர்வையும் உறிஞ்சும், சலசலப்பும் கேளாது.

இனி உணவு. கலியாண வீட்டில் உண்ணாதிருப்பது தீங்கு என்பதை முன்னரே சொன்னேன். வேளை தவறாது, சிறிது சிறிதாக, நன்கு மென்று உண்ணல் வேண்டும். வெங்காயம், பூண்டு, முட்டை, மீன், முட்டைக்கோசு, காலிபிளவர், பயறு வகைகள் ஆகியன பலர்க்கு வாயுவும் நாற்றமும் மிகுவிப்பன. அவற்றை என்றுமே விலக்குக என்று கூறுகின்றேனல்லேன். பிரயாணத்துக்கு முதல்நாளும் அன்றும் குறைத்துக்கொண்டால் போதும். தயிரும் மோரும் நன்மை செய்வன. சோறு, வாழைப்பழம், சவ்வரிசி ஆகியன கழிவைக் கெட்டிப்படுத்துவன. சோடா முதலிய வாயுப் பானங்களும், பேசிக்கொண்டே மெல்லுதலும் காற்றை உள்ளே சேர்க்கும். பீட்ரூட் உண்டால் கழிவு சிவக்கும். உதிரம் என்று கலங்கற்க. ஒருவர்க்கு ஒவ்வாதது மற்றொருவர்க்கு ஒத்தலும் உண்டு. ஆகவே புதுப் பண்டம் எதனையும் முதலில் தம் வீட்டிலேயே உண்டு பார்த்தல் தக்கது, சம்பந்தி வீட்டில் அன்று.

இலியாஸ்டமி உடையார்க்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். தேங்காய்ச் சில்லு, நிலக்கடலை, சோளம், காளான், முருங்கைக்காயின் நார், ஆரஞ்சுச் சக்கை போல்வன மெல்லாது விழுங்கப்பட்டால் வாயிலை அடைத்துக்கொள்ளும். சில மணி நேரமாகக் கழிவு ஒன்றும் வாராது வயிறு பிசைந்து வலித்து, வாந்தியும் உண்டாயின், ஊர் போய்ப் பார்த்துக்கொள்வோம் என்று இராமல் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கே செல்லல் வேண்டும். பேதி மருந்து அருந்தவே கூடாது.

அவர்களுக்கு நாற்றத்தினும் பெரிய பகை நீரிழப்பு. பெருங்குடல் செய்யும் நீர் உறிஞ்சும் தொழில் அவர்க்கு இல்லை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 முதல் 800 மில்லிலிட்டர் வரை நீர்த்த கழிவு போதல் இயல்பு; 1,500-க்கு மேற்படின் வைத்தியரை நாடல் வேண்டும். நீரோடு உப்பும் போகின்றது. ஆகவே வெறுந்தண்ணீரையே மேன்மேலும் பருகினால் கழிவு மிகுமேயன்றி உடல் தேறாது. இளநீரில் சோடியம் என்னும் உப்புச்சத்துக் குறைவு. அது மட்டும் ஈடு செய்யாது. உப்பிட்ட மோர், உப்பிட்ட கஞ்சி, மருந்துக் கடையில் விற்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதில் எழுதிய அளவு நீரில் கரைத்தது, இவையே தக்கன. இரத்த அழுத்தமோ, இருதய நோயோ, சிறுநீரக நோயோ உடையவர் இதனை வைத்தியரைக் கேட்டே கொள்க. கலியாண வீட்டில் வாய் உலர்ந்து, தலை சுற்றி, சிறுநீர் குறைந்து நிறம் கறுத்தால் அது வெயிலின் களைப்பு என்று எண்ணி இருந்துவிடலாகாது.

கொலாஸ்டமி பெருங்குடலின் இடப்புறக் கடைப்பகுதியில் அமைந்தவர்க்கு வேறொரு வசதியும் உண்டு. இளஞ்சூடான தூய நீரைக் குடல்வாயில் வழியே செலுத்தி, குடலை ஒருமிக்கக் கழுவிவிடும் முறை அது. ஒரு மணி நேரம் பிடிக்கும். அதன்பின் ஒருநாள், சிலர்க்கு இரண்டுநாள், கழிவு வாராது. சிறு மூடி ஒன்றே போதும். வைத்தியர் இசைந்து, செவிலியர் நேரிற் கற்பித்த பின்னரே செய்யத்தக்கது. என் தமையனார் இதனைக் கற்றுக்கொண்டார். பழனிக்குப் போய் வந்தது அதன்பின் தான்.

இப்பைகளின் வரலாறு சிறிது கூறின் சுவையாக இருக்கும். 1710-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து லித்ரே என்னும் மருத்துவர், வழியின்றிப் பிறந்து இறந்த ஒரு குழந்தையின் உடலை ஆராய்ந்து, குடலை வயிற்றுக்கு வெளியே கொணரின் இன்னோர் பிழைப்பர் எனக் கருதினார். 1793-இல் பிரெஸ்ட் நகரத்தில் துயூரே என்பவர் அத்தகைய ஒரு குழந்தைக்கு அறுவை செய்தார். அக்குழந்தை வளர்ந்து 45 ஆண்டு வாழ்ந்தது. ஆனால் கழிவை ஏற்பதற்கு நல்ல வகை ஒன்றும் நெடுங்காலம் இல்லை. துணியும், உலோகக் கிண்ணமும், கனத்த இரப்பர்ப் பையுமாக மக்கள் துன்புற்றனர். 1952-இல் அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்தில் டர்ன்புல் என்னும் சத்திர வைத்தியர், காராயாப் பிசின் ஈரமான தோலிலும் ஒட்டிப் புண்ணையும் காக்கும் என்று கண்டார். அப்பிசின் நம் இந்திய நாட்டுக் காடுகளில் வளரும் மரத்தினின்றும் எடுப்பது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1954-இல் டென்மார்க்கு நாட்டில் எலீஸ் சோரென்சன் என்னும் செவிலியின் தமக்கை தங்கையருள் ஒருவராகிய தோரா என்பார் இவ்வறுவைக்கு உட்பட்டு, கசிவுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளிவராதிருந்தார். அது பொறாத எலீஸ், தோலில் தானே ஒட்டிக்கொண்டு பின் எறிந்துவிடத்தக்க பிளாஸ்டிக் பையை நினைந்து அமைத்தார். இன்று உலகெங்கும் வழங்கும் பைகட்கு அதுவே முன்மாதிரி. உடன்பிறந்தாள் ஒருத்தி விழாவுக்கும் கடைவீதிக்கும் போகவேண்டும் என்னும் அன்பிலே பிறந்த பொருளை அணிந்துகொண்டு, நம்மவர் வீட்டினுள்ளே அடைந்து கிடத்தல் என்ன முறை?

நிற்க. இதுகாறும் நோயாளர்க்குச் சொன்னேன். இனிச் சுற்றத்தார்க்குச் சொல்லவேண்டுவன உள. நம் பெரியோருள் சிலர், வயிற்றில் மலப்பை தாங்கியவர் கோயிலுக்குள் செல்லலாமா, பந்தியில் அமரலாமா என்று ஐயுறுகின்றனர். அவர்களை யான் பணிவோடு ஒன்று கேட்கின்றேன். இந்த அவையில் அமர்ந்துள்ள நாம் அனைவரும் அதே பொருளை இப்போது வயிற்றில் தாங்கியிருக்கின்றோமா, இல்லையா? தோலுக்கு உள்ளே தாங்கினவன் தூயன், ஒரு விரற்கடை வெளியே தாங்கினவன் தூயனல்லன் என்பதற்கு எந்த நூல் சான்று? என் தமையனார் கோயிலில் நின்றபடியே கும்பிடுகின்றார். நிறைந்த பையின்மேல் உடல் அழுந்தும் என்பதால் விழுந்து வணங்குவதில்லை, அவ்வளவே.

பந்தியில் தரையிற் சப்பணமிட்டு அமர்ந்தால் வயிறு மடிந்து தட்டு எழும்பும். அவர்க்கு நாற்காலியும் மேசையும் கொடுங்கள். கொடுக்கும்போது காரணத்தை உரத்த குரலில் அறிவியாதீர்கள். முகூர்த்த வேளையில் அவர் எழுந்து சென்றால், 'எங்கே மாமா போகிறீர்கள்?' என்று கூடத்தின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்குக் கூவாதீர்கள். அவர் வயிறு ஓசையிட்டால் கேளாதவர்போல் இருங்கள். அவரும் கையால் அவ்விடத்தைச் சிறிது அழுத்திக்கொள்ளலாம், ஓசை குறையும். மூக்கைப் பொத்துதல் போன்ற குறிப்பைப் பிள்ளைகள் செய்யாதபடி வீட்டிலேயே சொல்லி வையுங்கள். மனைவியரைப் பற்றியும் நினைத்தல் வேண்டும். கணவர்க்குப் பை அமைந்தால் மனைவி மாற்றுகின்றாள். மனைவிக்கு அமைந்தால் அவள் தானே ஒளிந்து மாற்றிக்கொள்கின்றாள். நம் குடும்பங்களில் இவ்வேறுபாடு உண்டு என்பதை யாவரும் அறிவோம். ஆடவர்களும் இத்தொழிலைக் கற்றுக்கொள்வது கடினமன்று, யான் கற்றுக்கொண்டேன்.

கடைசியாக நம் சங்கத் திருமண மண்டபம். பல இலக்கம் செலவிட்டுக் கூடத்துக்குப் பளிங்கு பதித்திருக்கின்றோம். கழிப்பறையை யான் சென்ற வாரம் சென்று பார்த்தேன். ஆறு அறைகளுள் இரண்டில் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றிலும் ஆடை மாட்டக் கொக்கி இல்லை. பையை வைக்க மாடம் இல்லை. மூடியுள்ள குப்பைத் தொட்டி எங்கும் இல்லை. குழாய் உண்டு, குவளை இல்லை. நோயாளர் தம் உறையைப் பல்லால் கடித்துக்கொண்டு வேலை செய்யவேண்டும் போலும்! ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று, ஆக இரண்டு அறைகளில் தாழ்ப்பாள், கொக்கி, மாடம், சுவரிற் பிடிப்பதற்கு ஒரு கம்பி, மூடியுள்ள தொட்டி, குவளை, ஒரு சிறு கண்ணாடி இவை அமைக்கவேண்டும் என மண்டபக் குழுவினரை வேண்டிக்கொள்கின்றேன். கண்ணாடி எதற்கு என்பீர்கள். தட்டு மாற்றும்போது வாயிலின் கீழ்விளிம்பு குனிந்தாலும் தெரியாது. இவ்வறைகளுக்கு நோயின் பெயர் எழுதிய பலகை வேண்டா. மூட்டுவலி உடைய கிழவர்க்கும், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் அவை பயன்படட்டும். ஆவணித் திங்கள் முகூர்த்தங்களுக்கு முன் முடிப்பின் நலம்.

என் தமையனார் இன்று வந்திருக்கின்றார். கூட்டம் முடிந்தபின் பின்தாழ்வாரத்தில் இருப்பார். புதிய பைகளும் தட்டுகளும் காட்டுதற்குக் கொணர்ந்திருக்கின்றார். கேட்பனவற்றுக்கு விடை சொல்வார். பெண்மக்கள் என் அண்ணியாரைத் தனியே கண்டு பேசலாம். அவர் சமையலறையை ஒட்டிய அறையில் இருக்கின்றார்.